களிக்கா, ரொட்டிக்கா?

தருமபுரி மாவட்டத்தில் ராகிப் பையோடு மாவு மில்லுக்குப் போய் நின்றால், மில்காரர் முதலில் கேட்பது "களிக்கா, ரொட்டிக்கா?" என்றுதான். களிக்கு என்றால் கல்லைச் சற்றுத் தளர்த்தி விடுவார். மாவை விரலிடுக்கில் தேய்த்தால் லேசாக நெருட வேண்டும். ரொட்டிக்கு என்றால் கல் நெருங்கும், மாவு நைசாக இறங்கும். புட்டுக்குக் கேட்டால் இன்னும் கொரகொரப்பு. கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய ராகி என்று சொன்னால், மிளகாய் அரைத்த கையோடு அதைக் கொட்ட மாட்டார். ஒரு பிடி தானியத்தை முன்னால் ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போடுவார். மில்லின் வாயிலிருந்து விழும் மாவைச் சுடச்சுடக் கையில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நைசா விடுண்ணா" என்று சொல்லும் பெண்களை எந்த மில்லிலும் பார்க்கலாம்.

வீட்டிலேயே பிரெட் சுடும் ஆசை இப்போது தருமபுரி, அரூர் போன்ற ஊர்களிலும் பரவிவிட்டது. மளிகைக் கடையில் ஈஸ்ட் கிடைக்கிறது. சின்ன மின் அடுப்பு தவணையில் வாங்கலாம். சுட ஆரம்பித்தவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் மாவுதான். மைதாவா, ஆட்டாவா, ராகி எவ்வளவு கலக்கலாம், கடை மாவா மில் மாவா? இந்த வட்டாரத்துக்கு இது புதுக் கேள்வி இல்லை. எந்த மாவு வீட்டுக்குள் வர வேண்டும் என்பதை இங்கே பல தலைமுறைகளாக மழை தீர்மானித்தது. பிறகு நிலவரியும் பஞ்சமும் போரும் ரேஷன் கார்டும் தீர்மானித்தன. வீட்டுப் பெண்கள் கையில் மிஞ்சியது, வந்த தானியத்தை எப்படி அரைப்பது என்ற முடிவு மட்டுமே. அந்த ஒரு முடிவில் அவர்கள் சேர்த்த அறிவு சாதாரணமானது அல்ல.

பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையால் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஊர். மைசூர்ப் பீடபூமி சரிந்து தமிழகச் சமவெளியில் இறங்கும் விளிம்பில் இருக்கிறது. காவிரி ஒகேனக்கல்லில் விழுந்து மாவட்டத்தின் ஓரமாகவே போய்விடுகிறது. தென்பெண்ணை வேறொரு பக்கம் போகிறது. நடுவில் கிடக்கும் செம்மண் காடுகளுக்கு வானம்தான் பாசனம். நெல் ஏரிக்குக் கீழேயும் கிணற்றடியிலும் கொஞ்சம் விளையும். மேட்டு நிலத்தில் விளைவது ராகி, சாமை, கம்பு, சோளம், அவற்றோடு கொள்ளு.

சங்கப் பாடல்களில் தினையும் வரகும் பேசப்படும் அளவுக்குக் கேழ்வரகு பேசப்படுவதில்லை. காரணம், அது வெளியிலிருந்து வந்த பயிர். கிழக்கு ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் மனிதர்கள் வசப்படுத்திய தானியம் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது. எந்த நூற்றாண்டில் வந்தது என்பதில் தொல்லியலாளர்களிடையே இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. வந்த பிறகு தக்காணத்தின் தென்பாதியைத் தன் சொந்த வீடாக்கிக்கொண்டது. இன்று மண்ணின் உணவு என்று ராகியைக் கொண்டாடுகிறவர்கள் கோதுமையை அந்நியன் என்று ஒதுக்குவது உண்டு. தகடூர் மண்ணில் இரண்டுமே விருந்தாளிகள்தான். ஒன்று பல நூற்றாண்டு முந்தி வந்து நிலத்தில் வேர் பிடித்தது, மற்றது நேற்றுச் சாக்கு மூட்டையில் வந்தது.

வேர் பிடிக்க அந்தச் சின்ன மணியிடம் இரண்டு குணங்கள் இருந்தன. மழை இரண்டு வாரம் தவறினாலும் பயிர் வாடிக் கிடந்து, அடுத்த மழைக்குத் தலை தூக்கும். அறுத்து வைத்த தானியத்தைப் பூச்சி எளிதில் தொடாது. நெல்லோ சோளமோ ஓராண்டு தாண்டினால் வண்டு விழும். நன்றாகக் காய்ந்த ராகி ஆண்டுக்கணக்கில் கெடாது. அதனால் மைசூர்ச் சீமையிலும் அதை ஒட்டிய ஓசூர், தருமபுரிப் பக்கங்களிலும் ராகியை நிலத்தடிக் குழிகளில் கொட்டி, வைக்கோல் போட்டு, வாயை மண்ணால் மூடி வைத்தார்கள். கன்னடத்தில் இந்தக் குழிக்கு ஹகேவு என்று பெயர். வாய் குறுகி வயிறு அகன்ற குழி. மூடியைத் திறந்ததும் யாரும் உள்ளே குதித்துவிட மாட்டார்கள். கெட்ட காற்று வெளியேறும்வரை காத்திருந்து, விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால்தான் ஆள் இறங்குவார். நல்ல விளைச்சல் கண்ட வருடத்து ராகி, பஞ்ச வருடத்தில் மாவானது இப்படித்தான். வெள்ளைக்காரர்கள் ராகியைப் பற்றி எழுதியபோதெல்லாம் இந்தச் சேமிப்புக் குணத்தை வியந்து குறிப்பிட்டார்கள். 1800-01-ல் மைசூர் நாடு முழுக்கச் சுற்றிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், மேட்டு நிலப் பயிர்களில் ராகியே தலையாயது என்றும், எளிய மக்களின் அன்றாட உணவு அதுவே என்றும் பதிவு செய்தார்.

விதைப்பு ஆடி, ஆவணியில் நடக்கும். ராகியைத் தனியே விதைப்பது அபூர்வம். சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை, துவரை, இடையில் கடுகு, ஓரத்தில் ஆமணக்கு. களிக்கு வேண்டிய மாவும் அதைத் தொட்டு விழுங்க அவரைக்கொட்டைக் குழம்பும் தாளிக்கக் கடுகும் ஒரே காட்டிலிருந்து வந்துவிடும். ஒரு பயிர் பொய்த்தால் மற்றது கைகொடுக்கும். மலை ஊர்களில் கதை சற்று வேறு. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ராகியோடு சாமையும் தினையும் உண்டு. பக்கத்துக் கொல்லிமலையில் சுருட்டை, கருஞ்சுருட்டை என்று கதிரின் வடிவத்தையும் மணியின் நிறத்தையும் வைத்துக் கேழ்வரகுக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. எந்த மண்ணுக்கு எந்த ராகி, எந்த ராகிக்கு எந்தப் பண்டம் என்ற கணக்கு அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது.

இந்தக் காடுகளின் கணக்கை விரிவாகக் காகிதத்தில் எழுதியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இந்தச் சீமை அடங்கிய பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் நிர்வாகியானார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான அதே மன்றோதான். 1799 வரை பாரமகாலில் இருந்த அவர், தருமபுரியில் தங்கி ஊர் ஊராகக் குதிரையில் போய் வயல்களை அளந்தார். எந்தக் காடு யார் கையில், என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்று உழவன் ஒவ்வொருவனோடும் நேரடியாகப் பேசி வரி விதிக்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவெடுத்தது. 1796-ல் ரீட் வெளியிட்ட அறிவிப்பு அதன் விதிகளைச் சொன்னது.

வரியைக் காசாகக் கட்ட வேண்டும். மழை பெய்ததா என்பதைவிடத் தவணை வந்ததா என்பது முக்கியமாயிற்று. குழியில் போட்டு மூட வேண்டிய ராகியில் ஒரு பங்கு சந்தைக்குப் போனது. மன்றோ உழவர்கள்மீது பரிவு கொண்டவர் என்பதில் ஐயமில்லை. தீர்வை கூடுதல் என்று அவரே வாதாடியிருக்கிறார். ஆனாலும் தானியக் குழிக்கும் கஜானாவுக்கும் இடையே அன்று தொடங்கிய இழுபறியில் குழிகள்தாம் தோற்றன.

1876-ல் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று கிழவர்கள் சொல்லி வந்த அந்தப் பேரழிவில் சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் அடக்கம். 1871 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.67 லட்சம் பேர். பத்து வருடம் கழித்து 1881-ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். பிறந்திருக்க வேண்டியவர்களை விட்டுவிட்டாலும், எண்ணிக்கையிலேயே மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், கப்பலேறியவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

பஞ்ச நிவாரண முகாம்களில் எவ்வளவு தானியம் கொடுப்பது என்ற வாக்குவாதம் அப்போது நடந்தது. செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், கூலி வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் அதை எதிர்த்தார். மண் வெட்டிக் கல் சுமக்கும் உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியமும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் தந்தது. கார்னிஷ் கேட்டது, இந்தச் சீமையின் ராகிக் காட்டில் ஊடுபயிராக ஏற்கெனவே இருந்த கணக்குதான். மாவு மட்டும் உடம்பைத் தாங்காது, அவரையும் துவரையும் சேர வேண்டும் என்பதை ஒரு சால் விட்டு ஒரு சால் விதைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

பஞ்சத்துக்குப் பிறகு அமைந்த குழு, தானியத்தை விரைவாகக் கொண்டுசெல்ல இருப்புப்பாதை போடச் சொன்னது. சென்னையிலிருந்து சேலம் போகும் பாதை தருமபுரியைத் தொடாமல் மொரப்பூர் வழியாகப் போய்விட்டிருந்தது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய பாதை திறக்கப்பட்டது; 1913-ல் அது ஓசூர்வரை நீண்டது. பஞ்சக் காப்புப் பாதையாக வந்த அந்தக் குட்டி ரயில் இரண்டாம் உலகப் போரின்போது 1941-ல் நின்றுபோனது. மொரப்பூர்–தருமபுரிப் பாதையை மீண்டும் போட 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள்.

இவ்வளவு காலமும் மாவு வீட்டுக்குள்தான் பிறந்தது. விடிவதற்கு முன்னாலேயே திருகைச் சத்தம் கேட்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே கால் நீட்டி உட்கார்ந்து, ஒரே பிடியில் இருவர் கையும் பட, கல்லைச் சுற்றுவார்கள். ஒருத்தி சுற்றிக்கொண்டே மறு கையால் ராகியைப் பிடிபிடியாகக் குழியில் இடுவாள். வேகமாகப் போட்டால் மாவு கொரகொரப்பாக விழும். குறைத்துப் போட்டால் நைசு. பிறகு சலிப்பார்கள். சல்லடையில் நிற்கும் கப்பி வீணாகாது; மறுபடி கல்லுக்குப் போகும், அல்லது கூழில் சேரும். அன்றைய களிக்கு அன்றைய மாவு. இருள் பிரியுமுன் அரைத்து, சமைத்து, காட்டுக்கும் போக வேண்டும். பழைய உணவைப் புகழும்போது அந்தத் தோள்பட்டை வலியைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

திருகையை ஓய்வுக்கு அனுப்பியது மின்சாரம். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் தமிழகக் கிராமங்களுக்குக் கம்பிகள் வேகமாக வந்தன. கிணற்றுக்கு மோட்டார் வந்த கையோடு ஊருக்கு மாவு மில்லும் வந்தது. அதற்கு முன்பே டீசல் இன்ஜின் வைத்து அரைத்தவர்களும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அரைத்தால் போதும் என்றானது. இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஓர் இயந்திரம் தந்த மிகப் பெரிய விடுதலைகளில் ஒன்று அது. மாவைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் மில்லோடு அழிந்துவிடவில்லை. கை மாறியது, வீட்டுத் திண்ணையில் இருந்தது மில் வாசலுக்கு வந்து, "களிக்கா, ரொட்டிக்கா" என்ற கேள்வியானது.

கோதுமை வந்த வழி வேறு. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தென்னிந்தியர்களிடம் அரசாங்கம் மன்றாடியது. அடுத்த பெரிய அலை அமெரிக்காவிலிருந்து. 1954-ல் அங்கே இயற்றப்பட்ட பி.எல். 480 சட்டத்தின்கீழ் இந்தியா 1956-ல் ஒப்பந்தம் செய்தது. அதன்பின் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதே 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பின்னர் கேர் என்ற அமெரிக்க அமைப்பு அதற்குக் கோதுமை ரவையும் பால் பவுடரும் கொடுத்தது. அறுபதுகளில் பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ பள்ளிக்குப் போனவர்களிடம் கேட்டால், அலுமினியத் தட்டில் வாங்கித் தின்ற கோதுமை உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்வார்கள். வீட்டில் ராகிக் களி, பள்ளியில் அமெரிக்கக் கோதுமை. அந்தத் தலைமுறைக்குக் கோதுமை படிப்போடும் அரசாங்கத்தோடும் சேர்ந்து மனத்தில் பதிந்தது. ராகி ஏழ்மையோடு பதிந்தது.

பிரெட்டும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் பெரிய அளவில் வந்தது. 1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னை உட்படப் பெருநகரங்களில் ஆலைகள். மெழுகுத் தாளில் சுற்றிய வெட்டு ரொட்டி பஸ் ஏறி மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்தது. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே 1965-ல், அக்டோபர் 2 அன்று. வடக்கே பெங்களூரில் 1898-லேயே தொடங்கிய அய்யங்கார் பேக்கரி மரபு இருந்தது. பெங்களூர்–சேலம் சாலை ஊர்களில் அந்தப் பாணிக் கடைகளும் பிறகு முளைத்தன. ஆனாலும் தருமபுரி வீடுகளில் பிரெட் வெகுகாலம் நோயாளி உணவாகவே இருந்தது. காய்ச்சல் வந்தால் பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர் வாங்கிக்கொண்டு போவார்.

ராகியை அடுப்படியிலிருந்து நகர்த்தியது கோதுமையோ பிரெட்டோ அல்ல, அரிசி. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழகத்தையே புரட்டிப் போட்டது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம் என்று ரேஷன் அரிசி இறங்கி வந்தது. களி தின்றவர் வீட்டிலும் மூன்று வேளைச் சோறு சாத்தியமானது. பசியின் கொடுமை தெரிந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இலவசமாக அரிசி வரும்போது, விதைத்து, களையெடுத்து, அறுத்து, போரடித்து, கல் பொறுக்கி, அரைத்துத் தின்ன வேண்டிய ராகிக்கு எத்தனை பேர் மெனக்கெடுவார்கள்? கிணறு இருந்தவர்கள் தக்காளிக்கும் கரும்புக்கும் மல்பெரிக்கும் போனார்கள். இல்லாதவர்கள் மாந்தோப்பு வைத்துவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள்.

பயிரைக் காப்பாற்ற ஆராய்ச்சி நிலையங்கள் தம் பங்கைச் செய்தன. மண்டியாவில் 'ராகி' லட்சுமணய்யா என்றே பெயர் பெற்ற விஞ்ஞானி, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து இன்டாஃப் வரிசை ரகங்களை உருவாக்கினார். கடல் கடந்து வந்த பயிர் தன் தாய்நாட்டு உறவோடு மீண்டும் சேர்ந்து விளைச்சலைக் கூட்டியது. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக நிலையம் இந்த வட்டாரத்து மானாவாரி நிலத்துக்கென ராகி ரகங்களைத் தந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது பையூர் அந்தப் பக்கம் போய்விட்டது. விதை மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

பிரெட் சுட நினைப்பவருக்கு இந்த வரலாறு நேரடியாக உதவும் இடம் ஒன்று உண்டு. கோதுமை மணியில் மேல் தவிட்டையும் முளையையும் நீக்கி, நடுப்பகுதியை மட்டும் வெள்ளை மாவாக்கலாம், அது மைதா. உருளை ஆலைகள் வந்தபின் அது மலிவான வேலையாயிற்று. ராகியில் அது எளிதில் நடக்காது. மணி கடுகளவு, தோல் உள்ளிருக்கும் மாவோடு ஒட்டிக் கிடக்கிறது, உள்ளே இருப்பது மிருதுவானது. தீட்டப் போனால் மணியே நொறுங்கும். அதனால் ராகியை எப்போதும் தோலோடு முழுசாகவே அரைத்தார்கள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதற்கும், களி தின்றவர்களுக்கு நெடுநேரம் பசிக்காததற்கும் இதுவே பெரிய காரணம்.

ராகியில் இல்லாதது குளூட்டன். கோதுமை மாவைப் பிசையும்போது இழுபடும் அந்தப் பசைதான் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்து பிரெட்டை எழுப்புகிறது. ராகி மாவை எவ்வளவு பிசைந்தாலும் அது வராது. தகடூர்ப் பெண்கள் இதற்கு என்றோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ரொட்டிக்குப் பிசையும்போது பச்சைத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சைமிளகாய், உப்புச் சேர்த்த மாவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைவார்கள். வெந்நீர் பட்டதும் மாவிலுள்ள ஸ்டார்ச் பாதி வெந்து கூழாகி, குளூட்டன் செய்யும் வேலையைக் கொஞ்சம் தானே செய்கிறது. அதனால்தான் வாழையிலையில் தட்டிக் கல்லில் கவிழ்க்கும்போது ரொட்டி உடைவதில்லை. ஜப்பானிய பிரெட் செய்கிறவர்கள் மாவில் ஒரு பங்கை வெந்நீரில் வேகவைத்துச் சேர்ப்பதைப் பெரிய உத்தியாகச் சொல்கிறார்கள். பாலக்கோட்டு அடுப்படியில் அது தினசரி வேலை.

ஆகவே ராகி பிரெட் செய்ய விரும்புகிறவர் அரைக் கிலோ மாவில் 400 கிராம் கோதுமை, 100 கிராம் ராகி என்று தொடங்கலாம். ராகியை மில்லில் ரொட்டிப் பதத்துக்கு நைசாக அரைத்து வாங்க வேண்டும். களிப் பதம் பிரெட்டுக்குள் மணலாக நெருடும். அந்த 100 கிராம் மீது 150 மில்லி கொதிநீரை ஊற்றிக் கிளறி, வெதுவெதுப்பாக ஆறியபின் கோதுமை மாவோடும் ஈஸ்டோடும் பிசைந்தால், உலர் மாவாகக் கலந்ததைவிட மிருதுவாக வரும். இரண்டு நாள் காயாது. கைக்குழந்தைக்கு வைத்திருக்கும் முளைகட்டிய ராகி மாவை ஒரு கரண்டி சேர்த்தால் ஈஸ்டுக்கு நல்ல தீனி. அதற்கு மேல் போனால் அதிலுள்ள நொதி ஸ்டார்ச்சைக் கரைத்து, பிரெட்டின் உள்ளே பிசுபிசுக்கும். கம்பு மாவில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் அன்றே அரைத்து அன்றே சுட வேண்டும். கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம், சில நாளிலேயே மாவு கசக்கத் தொடங்கும்.

கோதுமைப் பங்குக்கு எந்த மாவு? பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் என்ற வரியைப் பார்ப்பதே நல்ல வழி. 100 கிராமுக்கு 11, 12 கிராம் உள்ள மைதா நன்றாக எழும். 9 உள்ளது பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் ஏற்றது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி மைதாவில் குளூட்டன் 7.5 விழுக்காட்டுக்கும் ஆட்டாவில் 6 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. ஆனால் அது கீழ்வரம்புதான். அதை மட்டும் நம்பி பிரெட் எழாது. கல்லில் அரைத்த ஆட்டாவில் ஸ்டார்ச் துகள்கள் அதிகம் உடைந்திருப்பதால் தண்ணீரை நிறைய இழுக்கும். சப்பாத்திக்கு அது வரம், பிரெட்டுக்குக் கூடுதல் தண்ணீரும் பொறுமையும் கேட்கும். ஆட்டாவும் மைதாவும் பாதிக்குப் பாதி என்பது ராகியோடு ஒத்துப்போகும் கலவை. வீட்டில் சுடுவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அங்கு விற்ற 38 பிரெட், பன் வகைகளைச் சோதித்து, 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாகச் சொன்னது. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்தது.

ராகிக்கு அரசின் கண் திரும்பியது மிகச் சமீபத்தில். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 2022-23 பருவத்தில் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் என்ற ஆதரவு விலையில் தருமபுரி மாவட்டத்தில் ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்தது. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டான 2023-ல், தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. கொள்முதல் விலை 2024-25-ல் 4,290 ரூபாயாகவும், 2025-26-ல் 4,886 ரூபாயாகவும் உயர்ந்தது. காசுக்கு விற்க வேண்டிய பயிர்களின் பின்னால் ஓடிய உழவருக்கு, வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சிய ராகிக்கும் ஒரு நிச்சய விலை கிடைத்திருக்கிறது.

ரேஷனில் மாவாகத் தராமல் தானியமாகத் தருவது இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமான முடிவு. மாவில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். மணியில் கலந்தால் முறத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்த ராகியைச் சுத்தம் செய்யும் வேலை கடுமையானது. களம் இல்லாத இடங்களில் இன்றும் தார்ச்சாலையில் கதிரைப் பரப்பி, லாரியும் பஸ்ஸும் ஏறிப் போகவிட்டுப் போரடிக்கிறார்கள். மணியோடு சாலைத் தூசும் பொடிக்கல்லும் சேர்ந்து வரும். ராகியும் மணலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் சல்லடை உதவாது. தண்ணீரில் கொட்டி அலசி, அகலப் பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்து அரித்து, கல் அடியில் தங்க ராகியை மட்டும் மேலே வாங்கி, துணியில் ஒருநாள் வெயில் காட்டி, பிறகே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி காய்ந்த ராகி கல்லில் ஒட்டும், மாவு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஊருக்கு ஊர் சிமெண்டுக் களமும், கொள்முதல் நிலையத்தோடு சேர்த்துக் கல் நீக்கும் இயந்திரமும் வந்தால் இந்த உழைப்பில் பாதி குறையும். பென்னாகரம், நல்லம்பள்ளி வட்டங்களில் அடுத்த ஆடியில் எத்தனை ஏக்கர் ராகி விதைக்கப்படும் என்பதை ஆதரவு விலையோடு இந்தக் களமும் இயந்திரமும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.